மறுமொழி: 'கல்சார்' வினைக்கு 'காலணியிடு' பொருந்துமா?

வணக்கம்.

> 'காலணியிடு' என்றே வைத்துக்கொள்ளலாம்.

'கல்சார்' (காலணி முதலியன அணிதல்) என்ற போர்ச்சுகீசிய வினைக்குத் தமிழ்ச் சொல்லாக இதை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மொழியில் அது செருப்போடும் ஷூவோடும் நிற்பதில்லை. காலுறைக்கும் அதே வினைதான், கையுறைக்கும் அதுவேதான். அறுவை மருத்துவர் கையுறை போடும் வாக்கியம் வந்தால் 'காலணியிடு' என்ன ஆகும்? சட்டைக்கு அவர்களிடம் 'வெஸ்தீர்' என்ற வேறு வினை இருக்கிறது. வேட்டியைக் கட்டி, புடவையை உடுத்தி, பூவைச் சூடும் நமக்கு இந்தப் பாகுபாடு புதிதல்ல.

சங்கத் தமிழின் 'தொடுதோலை' (செருப்பு) வைத்து 'தொடு' என்பதை அணிதல் பொருளில் மீட்கும் யோசனை அழகுதான். ஆனால் 'செருப்பைத் தொட்டான்' என்றால் இன்று கைபட்டது என்றுதான் படிப்பார்கள். என் தேர்வு 'மாட்டு'. செருப்பு, காலுறை, கையுறை மூன்றையும் மாட்டிக்கொள்கிறோம். எதிர்ச்சொல்லாகக் 'கழற்று' தயாராக நிற்கிறது.

ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதி மொழியான கட்டலானில் இதே வினைக்கு (எழுத்தில் உள்ள கடைசி ரகரம் பேச்சில் விழுந்து 'கல்சா' ஆகிவிடும்) வேளாண்மைப் பொருளும் உண்டு. அங்கே தரகோனா நகரத்துப் பக்கத்து வால்ஸ் ஊரில் வெங்காயத்தை மறுபடி நட்டு, தாள் உயர உயர அடியில் மண்ணைக் குவிப்பார்கள். வெயில் படாத தண்டு வெளுத்து நீளும். அதுதான் 'கல்சொட்'. குளிர்காலத்தில் திராட்சைக்கொடிச் சுள்ளி நெருப்பில் கருகச் சுட்டு, கரிந்த தோலை உருவி, சாஸில் தோய்த்து, அண்ணாந்து வாயில் இறக்குவார்கள். இந்த மண் குவிப்புக்குப் புதுச்சொல் ஆக்குவது வீண்வேலை. கரும்புக்கும் மஞ்சளுக்கும் நம் உழவர்கள் செய்யும் 'மண் அணைத்தல்' இதேதான்.

சக்கரம் உருளாமல் கட்டை வைப்பதும், தெருவில் கல் பாவுவதும்கூடப் போர்ச்சுகீசியத்தில் 'கல்சார்'தான். இவற்றைத் தனிப் பொருள்களாகக் கொடுத்தால் போதும்.

'கல்சாரின்' வேரான லத்தீன் 'கால்க்ஸ்' (குதிகால்) நம் 'கால்' போல ஒலிப்பதால் யாரும் உறவு கொண்டாட வேண்டாம். மெய்யான தொடர்பு ஈழத்தில் இருக்கிறது: அங்கே வழங்கும் 'களிசான்' போர்ச்சுகீசியக் காற்சட்டைப் பெயரிலிருந்து வந்தது, அந்தப் பெயரும் லத்தீன் செருப்புச் சொல்லின் கிளை. 'சப்பாத்து' (ஷூ) வந்ததும் அதே கப்பலில்தான்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. 'கல்சு 40' என்றால் 'என் ஷூ அளவு 40' என்று பொருள். அங்கே 'மாட்டு' ஒட்டாது. வாக்கியத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. 'கல்சாரின்' சொற்பதிவில் இதை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா?