எந்த வயதுக்கு எந்த மல்டிவைட்டமின்? சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

கூட்டுக்குடும்பம்:
வீட்டில் மூன்று தலைமுறை இருக்கிறோம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே டப்பா வாங்கிவிடலாமா என்று யோசனை. 'பெண்களுக்கு', 'ஆண்களுக்கு', '50 வயதுக்கு மேல்' என்று போட்டிருப்பதெல்லாம் உண்மையிலேயே வேறு வேறு மாத்திரையா, லேபிள் மட்டும்தான் வேறா?

மகள்:
இரும்புச்சத்து விஷயத்தில் உண்மையிலேயே வேறுதான். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தனியாக எதற்கு என்று என் டப்பாவிலிருந்தே தினம் ஒன்று எடுத்துக்கொள்வார். அதுவும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து, காலையில் வெறும் வயிற்றில், ஒரே மடக்கில். தைராய்டு மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை, ஆனாலும் டிஎஸ்எச் (ரத்தத்தில் பார்க்கும் தைராய்டு அளவு, மருந்து போதவில்லை என்றால் ஏறும்) ஏறிக்கொண்டே போனது. டோஸைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதோட வேற என்ன சாப்பிடுறீங்கம்மா?" இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். மல்டிவைட்டமினை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றினோம். டோஸைத் தொடாமலே அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வந்தது. என்னுடையதில் இரும்பு 18 மில்லிகிராம். அம்மாவுக்குப் புதிதாக வாங்கிய '50 வயதுக்கு மேல்' டப்பாவில் இரும்பு என்ற வரியே இல்லை. காரணம் இதுதான்: மாதவிடாய் இருக்கும் வயதில் ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் வேண்டும், நின்ற பிறகு 8 போதும். ஆண்களுக்கும் அந்த 8தான். தேவைக்கு மேல் சேர்ந்த இரும்பை வெளியே தள்ள உடம்புக்குத் தனி வழி கிடையாது. ஆகவே பொது டப்பா வேண்டாம் சகோ.

புது அம்மா:
குழந்தைக்குத் திட்டமிடுகிறோம் என்று சொன்னதுமே டாக்டர் ஃபோலிக் அமிலம் எழுதிக் கொடுத்தார். கரு நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும், அதற்குள் பல பெண்களுக்குக் கரு நின்றதே தெரிந்திருக்காது என்றார். தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. முடிக்கும் சருமத்துக்கும் என்று ஒரு கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைக் காட்டியதும் டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். அதில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருந்தது. அது ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டினால் கருவுக்குப் பிறவிக் குறை வரும் ஆபத்து உண்டு. மல்டிவைட்டமினில் கொஞ்சம், கேப்சூலில் கொஞ்சம் என்று தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே அதிகமாகத் தெரியாது, கூட்டிப் பார்க்க வேண்டும். வைட்டமின் ஏ பீட்டா கரோட்டின் வடிவில் என்று போட்டிருந்தால் இந்தப் பயம் இல்லை.

வாலுப் பிள்ளையின் அப்பா:
மிட்டாய் போல மென்று சாப்பிடும் வைட்டமின் 'கம்மி' (gummy) வாங்குகிறவர்களுக்கு: பிள்ளைகள் அதை மிட்டாய் என்றே நினைக்கிறார்கள். என் மகன் நாற்காலி போட்டு ஏறி எடுத்தான். நல்லவேளை, மூடியைத் திறக்கத் தெரியவில்லை. பெரும்பாலான கம்மிகளில் இரும்பு இருக்காது. பெரியவர்களின் மாத்திரையில் இருக்கும், அதைச் சின்னப் பிள்ளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள்.

மூத்த மகன்:
அப்பாவுக்குச் சர்க்கரை, பல வருடமாக மெட்ஃபார்மின். பாதம் மரத்துப்போகிறது, நடந்தால் பஞ்சில் கால் வைக்கிற மாதிரி இருக்கிறது என்பார். சர்க்கரையால்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ரத்தத்தில் பி12 பார்த்தபோது வெகு குறைவு. மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். போதாததற்கு வயதானால் வயிற்றில் அமிலமும் குறைகிறது, சாப்பாட்டில் இருக்கும் பி12 பிரிந்து வருவதில்லை. மாத்திரையில் இருப்பது புரதத்தோடு ஒட்டாத பி12, அதனால் 50க்கு மேல் அதுதான் உதவும் என்கிறார்கள். ஆனால் பற்றாக்குறை வந்தபிறகு மல்டிவைட்டமினில் இருக்கும் சில மைக்ரோகிராம் எந்த மூலைக்கு? அப்பாவுக்கு ஊசியில்தான் சரியானது. அதுவும் முழுசாக இல்லை, விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது.

மருந்துக்கடைக்காரன்:
மேலே சொன்னதோடு சில சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் கே உள்ள மாத்திரையைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு அதிக அளவு பீட்டா கரோட்டின் வேண்டாம். 1990களில் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று கொடுத்துப் பார்த்தார்கள், கூடித்தான் போனது. முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவுகளும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினும் தப்பாக வரலாம்.

'ஆண்களுக்கு' என்ற டப்பா முக்கால்வாசி விளம்பரம்தான். இரும்பு இல்லை என்பதைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. நல்ல ஆரோக்கியத்தோடு, ஒழுங்காகச் சாப்பிடும் முப்பது வயது ஆள் வந்து எது நல்லது என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். வியாபாரம் போனால் போகட்டும்.

அப்புறம், மல்டிவைட்டமினில் கால்சியமும் இருக்கே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 50க்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் தேவை. அத்தனையும் அடைத்தால் மாத்திரையை விழுங்கவே முடியாது.

கூட்டுக்குடும்பம்:
நன்றி. பாட்டி ரத்தம் உறையாமலிருக்க ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார். பெயரைப் பார்த்துவிட்டு, அவருடைய டாக்டரிடம் கேட்டுத்தான் வாங்கப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: தம்பி போன வாரம் தொடங்கினான், சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகிறதாம். பயப்படுகிறான்.

மருந்துக்கடைக்காரன்:
அது வைட்டமின் பி2. உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் வெளியே வருகிறது, ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், துத்தநாகம் குமட்டும்.