கிரீன்லாந்து ஓரத்தில் ஆண்டுக்கு மூன்று மீட்டர் உருகியும் மேற்பரப்பு ஏன் அந்த அளவுக்குத் தாழவில்லை?

வினா – நிலவரைபடம்

வணக்கம். மேற்குக் கிரீன்லாந்தில் கங்கெர்லுஸ்ஸுவாக் ஊருக்குக் கிழக்கே, பனிவிரிப்பின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வரை, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 1990 முதல் கம்புகளை நட்டு மேற்பரப்பு உருகலை அளந்து வருகிறார்கள். கே-டிரான்செக்ட் எனப்படும் இந்த வரிசையைப் பற்றி முதுகலைக் கருத்தரங்கு ஒன்றுக்காகப் படித்து வருகிறேன். இதில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ள எஸ்5 என்னும் இடத்தில் ஆண்டுதோறும் சராசரியாக மூன்று மீட்டருக்கும் அதிகமான பனிக்கட்டி உருகிப்போகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பெருக்கினால் தொண்ணூறு மீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் செயற்கைக்கோள் உயர அளவீடுகளில் அந்த ஓரப்பகுதி அப்படியொன்றும் பள்ளமாகிவிடவில்லை. கம்பு காட்டுவதை நம்புவதா, செயற்கைக்கோள் காட்டுவதை நம்புவதா? அத்துடன், இவ்வளவு உருகும் இடத்தில் நட்ட கம்பு எப்படிச் சாயாமல் நிற்கிறது என்பதும் விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – துருவநோக்கி

இரண்டையும் நம்பலாம், அவை அளப்பது ஒன்றையே அல்ல. கம்பு பனிக்கட்டிக்குள் ஊன்றப்பட்டிருப்பதால் பனிக்கட்டியோடு சேர்ந்தே நகர்கிறது. ஆகவே கம்பின் வெளியே தெரியும் நீளம் கூடுவது, அந்தப் பனிக்கட்டியின் மேல்முகத்திலிருந்து எவ்வளவு கரைந்தது என்பதை மட்டும் சொல்கிறது. செயற்கைக்கோளோ, அந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் புள்ளியில் மேற்பரப்பு இன்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறது. இடையில் பனிக்கட்டி ஓடுகிறது என்பதைத்தான் உங்கள் பெருக்கல் கணக்கு விட்டுவிட்டது.

அப்பகுதியில் சமநிலைக் கோடு, அதாவது ஓராண்டில் சேரும் பனியும் உருகிப்போவதும் சமமாகும் உயரம், சுமார் 1500 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே ஆண்டுதோறும் பெய்யும் பனியில் ஒரு பங்கு உருகாமல் தங்கி, அழுந்தி, பனிக்கட்டியாகிக் கீழ்நோக்கி வழிந்து வருகிறது. கோட்டுக்கு மேலே பனிக்கட்டியின் ஓட்டம் மேற்பரப்பிலிருந்து சற்றே உள்நோக்கி இறங்குகிறது. கோட்டுக்குக் கீழே அது மேற்பரப்பை நோக்கி எழும்புகிறது. மூன்று மீட்டர் உருகும் இடத்தில் மூன்று மீட்டர் எழும்பினால், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் உயரம் மாறாது. எழுவது உருகுவதைவிடக் குறையும்போது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் மேற்பரப்பு தாழ்கிறது. செயற்கைக்கோளில் நீங்கள் பார்த்தது இந்த மீதியை.

பனியாறு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அது கடலில் முறிந்து விழாமல் நிலத்திலேயே முடிவதாக இருக்கும் வரை, எழுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அப்போது கம்புக் கணக்கும் உயரக் கணக்கும் நெருங்கி வர வேண்டும். ஒற்றைப் புள்ளியில் அவை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

மறுமொழி 2 – கம்பும் கயிறும்

கம்பு நிற்பது பற்றி: அது தரையில் குத்தி வைத்த குச்சி அல்ல. எரிவாயுவால் சூடாக்கும் சிறு கொதிகலனிலிருந்து குழாய் வழியே நீராவியைச் செலுத்தித் துளையிடும் கருவி இருக்கிறது. எட்டு மீட்டர் ஆழத் துளையை அரை மணி நேர அளவில் போட்டுவிடலாம். அந்தத் துளையில் கம்புகளை ஒன்றோடொன்று இணைத்து இறக்குவார்கள். ஒரு கோடையில் நான்கு மீட்டர் போனாலும் மீதி உள்ளேதான் இருக்கும். வெளியே நீளும் துண்டுகளைக் கழற்றி, எத்தனை கழற்றினோம் என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பில் ஒரு துண்டு விட்டுப்போனால் அந்த ஆண்டின் எண்ணே வீண்.

கம்பின் பொருளும் முக்கியம். உலோகம் வெயிலில் சூடேறி, தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொண்டு கீழே இறங்கும். இருபது சென்டிமீட்டர் இறங்கிவிட்டால் உருகல் அதே இருபது சென்டிமீட்டர் குறைவாகப் பதிவாகும். பார்ப்பவருக்கு எந்த ஐயமும் எழாது. இதனால்தான் உள்ளீடற்ற குழாய்க் கம்புகளின் அடிப்பகுதியை அடைத்துவிடுகிறார்கள். கம்பு சாய்ந்திருந்தால் கோணத்தையும் அளந்து, நீளத்தைச் செங்குத்து உயரமாக மாற்ற வேண்டும்.

மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்பதே அங்கே எளிதில் தீராத கேள்வி. எஸ்5 போன்ற இடங்களில் கோடை முடிவில் ஒரு மீட்டரைத் தாண்டும் மேடுபள்ளங்கள் இருக்கும். கம்பைச் சுற்றிச் சிறு குழி விழுந்திருக்கும். குழியின் அடிவரை அளந்தால் ஒரு எண், விளிம்புவரை அளந்தால் வேறொரு எண். கம்பை ஒட்டி ஒரு பலகையைக் கிடத்தி, அதுவரை அளப்பது வழக்கம். ஒரே இடத்தில் பல கம்புகளை நட்டுச் சராசரி எடுப்பதும் இதற்காகவே.

நிலவரைபடம்

இருவருக்கும் நன்றி. பனிக்கட்டி எழும்பும் அளவைத் தனியாகப் பிரித்து அளக்க முடியுமா? அல்லது உருகலிலிருந்து உயர மாற்றத்தைக் கழித்துத்தான் அதை ஊகிக்க வேண்டுமா?

மறுமொழி 3 – துருவநோக்கி

அளக்க முடியும், அதற்கும் அதே கம்பு போதும். கம்பின் உச்சியில் துல்லியமான ஜிபிஎஸ் கருவியை வைத்து, ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இடத்தையும் உயரத்தையும் குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கம்பு கிடைமட்டமாக 100 மீட்டர் நகர்ந்தது என்றும், சரிவு நூற்றுக்கு மூன்று என்றும் கொள்வோம். சரிவை ஒட்டியே நகர்ந்திருந்தால் உச்சி மூன்று மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். அரை மீட்டர்தான் இறங்கியது என்றால், மேற்பரப்பை நோக்கி எழும்பியது இரண்டரை மீட்டர். சரிவை எவ்வளவு தொலைவுக்குச் சராசரியாக எடுப்பது என்பதில்தான் பிழை நுழையும். மேடுபள்ளங்களைவிடப் பலமடங்கு நீளத்துக்கு எடுக்க வேண்டும்.

மெதுவாக நகரும் பனியாறுகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் நி-ஆலெசுண்ட் ஊருக்கு அருகிலுள்ள ஆஸ்ட்ரே புரோக்கர்பிரீன் பனியாற்றை நார்வேயினர் 1967 முதல் அளந்து வருகிறார்கள். அங்கே ஓட்டம் சொற்பம். கம்பு காட்டும் இழப்பும் மேற்பரப்பு தாழ்வதும் பெரிதும் விலகுவதில்லை. நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அதே ஊரில்தான் இயங்குகிறது. பக்கத்து வெஸ்ட்ரே புரோக்கர்பிரீனில் இந்திய ஆய்வாளர்களும் கம்பு நட்டு அளந்திருக்கிறார்கள். ஒப்பீட்டுக்கு அந்த இடத்தையும் கருத்தரங்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4 – அழுத்தமானி

கம்பு ஆண்டுக்கு ஓர் எண்ணைத்தான் தரும். அன்றாட உருகல் வேண்டுமென்றால் தானியங்கிக் கருவிகள் வேண்டும். டென்மார்க்–கிரீன்லாந்து நிலவியல் ஆய்வகம் 2007-இல் தொடங்கிய, பனிவிரிப்பைக் கண்காணிக்கும் புரோமைஸ் திட்டத்தில் பயன்படும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. உறைதடுப்பு நீர்மம் நிரப்பிய குழாயைப் பத்து மீட்டருக்கும் ஆழமாக இறக்கி, அடியில் ஓர் அழுத்த உணர்வியை வைக்கிறார்கள். குழாயின் மேல்முனை, பனிக்கட்டி மீது கருவிகளைத் தாங்கி நிற்கும் முக்காலியோடு சேர்ந்து இறங்குகிறது. நீர்மத் தூணின் உயரம் குறைய, அடியில் அழுத்தம் குறைகிறது. அந்த நீர்மம் தண்ணீரைவிட அடர்ந்தது; தண்ணீரின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் உருகல் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். முக்காலியில் பொருத்திய ஒலி உணர்வியால் பனிக்கட்டி உருகலை அளக்க முடியாது. முக்காலியே கூட இறங்குவதால் அது மேலே படிந்த புதுப்பனியை மட்டும் காட்டும்.

நாள் கணக்குக்குப் போகும்போது அடர்த்தி குறுக்கே வரும். பனிக்கட்டியின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 900 கிலோகிராம் என்று வைத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உருக ஏறத்தாழ 3 மெகாஜூல் வேண்டும். நாள் முழுதும் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 100 வாட் நிகர ஆற்றல் கிடைத்தால் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உருகும். ஆனால் தெளிந்த வெயிலில் ஒளி உள்ளே ஊடுருவி மேலடுக்கைத் துளைத்துளையாக அரித்துவிடுகிறது. நிறை போகிறது, உயரம் அதே அளவுக்குக் குறைவதில்லை. பிறகு மேகமோ மழையோ வந்தால் அந்த நொய்ந்த அடுக்கு விரைவில் சரிந்து, அன்று மட்டும் பெருமளவு உருகியது போலக் கருவி காட்டும். ஒரு வாரத்து எண்களை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆண்டுக் கணக்கில் இது பெரும்பாலும் சமன்பட்டுவிடும்.

கருத்தரங்கு அட்டவணையில் கம்பு இழப்பை 0.9 ஆல் பெருக்கி நீரளவாக, அதாவது உருகினால் கிடைக்கும் நீரின் உயரமாகத் தாருங்கள். செயற்கைக்கோள் உயர மாற்றத்தை அதே எண்ணால் பெருக்க வேண்டாம். சமநிலைக் கோட்டுக்கு மேலே இருப்பது முழுப் பனிக்கட்டி அல்ல, இறுகிவரும் பழம்பனி. ஆகவே பனியாறு முழுவதற்கும் கன மீட்டருக்கு 850 கிலோகிராம், கூடக்குறைய 60 என்று எடுப்பதுதான் இப்போது பரவலான வழக்கம்.