அடோச்சா கப்பல் காசு என்கிறார்கள், தூணும் அலையும் இருக்கிறதே?

கேள்வி (கடற்காசு):
பழைய ஸ்பானிய 8 ரியால் வெள்ளிக்காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கையால் வெட்டி அடித்த, கோணல்மாணலான 'காப்' வகை. "போட்டோசி அக்கசாலை (இன்றைய பொலிவியா), 1622-இல் மூழ்கிய ஸ்பானிய அடோச்சா கப்பலில் எடுத்தது" என்கிறார் விற்பவர். ஒரு பக்கம் சிலுவை, அதன் இடைவெளிகளில் சிங்கமும் கோட்டையும். மறுபக்கம் இரண்டு தூண்கள், அடியில் அலை. எடை 22.6 கிராம்தான். மேலே கறுப்புப் படலம். போலியா? கறுப்பை எப்படி எடுப்பது?

பழங்காசு:
எடை இருக்கட்டும், தூணைப் பாருங்கள். போட்டோசியில் தூண்-அலை வடிவம் வந்ததே 1652-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே மாற்றுக் குறைந்த வெள்ளியில் காசு அடித்த மோசடி வெளியானது; பழையதிலிருந்து புதியதைப் பிரித்துக்காட்ட வடிவத்தையே மாற்றினார்கள். 1622-இல் மூழ்கிய கப்பலில் இது இருக்க வழியே இல்லை. அடோச்சாவின் போட்டோசிக் காசுகளில் சிலுவைக்கு மறுபக்கம் ஸ்பானிய அரச குடும்பத்தின் ஹாப்ஸ்பர்க் கேடயச் சின்னம்தான்.

கதை பொய் என்பதால் காசும் பொய்யாகிவிடாது. எக்குவடோர் கரையோரம் 1681-இல் மூழ்கிய கொன்சொலசியோன் கப்பலில் கிடைத்தவை பெரும்பாலும் இந்த வகைதான். தூண்களுக்கு நடுவே கீழ்வரிசையில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். சிலுவைப் பக்கத்திலும் ஆண்டு உண்டு. ஒன்று அழிந்திருந்தால் மற்றதில் தேடுங்கள்.

எடைத்தட்டு:
அடித்தபோது எடை 27 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கடலில், வெள்ளியோடு கலந்த செம்பு கரைந்து, வெள்ளியும் கறுப்புச் சல்ஃபைடாக மாறி உதிர்வதால் 22.6 ஒன்றும் அதிசயமில்லை. சந்தேகம் தீர அடர்த்தி பாருங்கள். காசை நூலில் கட்டி, தராசின் மேலுள்ள தண்ணீர்க் குவளையில் அடி தொடாமல் தொங்கவிட்டால் தராசு ஏறக்குறைய 2.2 கிராம் கூட வேண்டும். 22.6-ஐ அதால் வகுத்தால் 10.3 வரும், நல்ல வெள்ளிக்கு அதுதான் கணக்கு. படலமும் நுண்துளைக் காற்றும் எண்ணைக் கொஞ்சம் இறக்கும், அதனால் முதலில் ஊறவிடுங்கள். 7, 8 என்று வந்தால் தொடவே வேண்டாம். கையால் வெட்டிய காசுகளில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதே வெளிக்கோடு, அதே வெடிப்போடு வேறொரு விளம்பரத்தில் காசு தெரிந்தால் அது அச்சில் வார்த்த போலி.

உப்புநீர்:
அமிலம் கூடவே கூடாது. சில காசுகளில் உள்ளே வெள்ளி கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும், உருவம் முழுக்க அந்தக் கறுப்பில்தான் நிற்கும். கறுப்பு போனால் கையில் மிஞ்சுவது தகடு. காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வாராவாரம் நீரை மாற்றுங்கள். ஊறிய நீரில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் பிறகு சில்வர் நைட்ரேட்டும் விடுங்கள். பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது. மின்பகுப்பு செய்தே தீருவீர்களானால் காசு எதிர்மின்முனையில் (கேத்தோடு) இருக்கட்டும். முனை மாறினால் காசே கரையும்; மின்னோட்டம் கூடி நுரை பொங்கினால் எழுத்தோடு படலம் பெயர்ந்துவிடும்.

கடற்காசு:
படத்தைப் பெரிதாக்கினேன். கீழ்வரிசையில் 76 தெரிகிறது. சான்றிதழ் கிடையாதாம்.

பழங்காசு:
அப்படியானால் 1676. கொன்சொலசியோனாக இருக்கலாம், ஆனால் காகிதம் இல்லாமல் கப்பல் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். அரிப்பு கண்ட சாதாரண போட்டோசிக் காசின் விலையைக் கேளுங்கள்.