அது புரொப்பெல்லர் இல்லை ஐயா, இல்லவே இல்லை

பழைய இரும்பு | ஞாயிறு காலை 7:40

நேற்று "தெரிந்துகொள்வோம்" திரியில் நீலவானம் ஒரு பதிவு போட்டிருந்தார். பி.எம்.டபிள்யூ சின்னத்தின் நடுவில் இருப்பது சுழலும் விமானப் புரொப்பெல்லராம். வெள்ளை இறக்கையாம், நீலம் வானமாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். படித்துவிட்டுக் குடித்த காப்பி கசந்தது.

ஜெர்மனியின் ம்யூனிக்கில் கார்ல் ரப் என்பவர் 1913இல் தொடங்கிய எஞ்சின் ஆலைக்கு 1917 ஜூலையில் பெயர் மாற்றினார்கள்: பவேரிய மோட்டார் ஆலைகள். அதன் ஜெர்மன் சுருக்கம்தான் பி.எம்.டபிள்யூ. அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி சின்னம் பதிவானது. ரப் ஆலையின் பழைய சின்னத்தில் ஒரு கறுப்பு வளையம், நடுவில் கறுப்புக் குதிரைத் தலை. ஜெர்மன் மொழியில் ரப்பே என்றால் கருங்குதிரை, பெயரை வைத்து ஒரு விளையாட்டு. குதிரையை அவிழ்த்துவிட்டு, வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே ம்யூனிக் இருக்கும் பவேரியாவின் கொடி நிறங்களான வெள்ளை நீலத்தை நிரப்பினார்கள். அரசு அடையாளங்களை வணிகச் சின்னத்தில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் வரிசையை மாற்றினார்கள். மரபுப்படி இடது மேல்பக்கம் வெள்ளையில் தொடங்க வேண்டும். இவர்கள் நீலத்தில் தொடங்கினார்கள். இதில் காற்றாடி எங்கே பறக்கிறது?

நீலவானம் | ஞாயிறு காலை 8:15

வணக்கம் பெரியவரே. என் பதிவின் கீழேயே கேட்டிருக்கலாம், தனித்திரி போட்டு ஊரைக் கூட்டியிருக்க வேண்டாம். 1917இல் அந்த ஆலை என்ன செய்தது? விமான எஞ்சின். கார் செய்ததா? இல்லை. அவர்களுடைய முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32 வந்ததே 1923இல்தான். விமான எஞ்சின் செய்கிறவன் புரொப்பெல்லரை வரையாமல் பூசணிக்காயையா வரைவான்?

இன்னொன்று. 1929இல் அந்த நிறுவனமே வெளியிட்ட விளம்பரத்தில் விமானத்தின் சுழலும் புரொப்பெல்லருக்குள் இதே சின்னம் தெரிகிறது. பெற்றவளே பெயர் சொன்ன பிறகு ஊரார் பஞ்சாயத்து எதற்கு?

பழைய இரும்பு | ஞாயிறு காலை 8:22

1929இலிருந்து 1917ஐக் கழியுங்கள். பன்னிரண்டு. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் வைத்த பட்டப்பெயரைப் பிறப்புச் சான்றிதழில் தேடுகிறீர்கள்.

அந்த விளம்பரம் எதை விற்க வந்தது என்று தெரியுமா? அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னியிடம் உரிமம் வாங்கிக் கட்டிய விமான எஞ்சினை. பொருளாதாரம் உலகமெங்கும் சரியத் தொடங்கிய நேரம். சரக்கு போக வேண்டும், ஓவியர் கைவரிசை காட்டினார். 1917 அக்டோபர் 5. அன்று பதிவானதில் புரொப்பெல்லர் இல்லை.

மூன்றுமுனை | ஞாயிறு காலை 9:05

இரண்டு பேரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள்? காற்றாடியோ கொடியோ, அந்தச் சின்னம் ஒட்டிய முதல் காரே இரவல். 1928இல் ஐசெனாக் ஆலையை வாங்கினார்கள். அங்கே ஓடிக்கொண்டிருந்தது டிக்ஸி. டிக்ஸி என்பது இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன், உரிமத்தில் கட்டியது. 1955இல் இத்தாலியிடம் இரவல் வாங்கிய இசெட்டா, முன்பக்கம் குளிர்சாதனப் பெட்டி போலக் கதவு திறக்கும். 1959 டிசம்பரில் எங்கள் பென்ஸ்காரர்களிடம் விற்கவே போனார்கள். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு பேசலாம்.

நீலவானம் | ஞாயிறு காலை 9:11

விற்கப் போனார்கள், விற்றார்களா? 1959 டிசம்பர் 9 பொதுக்கூட்டத்தில் சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் எழுந்து நின்று மறித்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் வழக்கறிஞர் ஃபிரீட்ரிஷ் மாதெர்ன் கணக்கேட்டிலேயே ஓட்டையைக் காட்டினார்: 700 என்ற கார் மாடலை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டில் எழுதியிருந்தார்கள். தொழிலதிபர் ஹெர்பெர்ட் குவாண்ட் பிறகு பணத்தை இறக்கினார். 1961இல் 1500 மாடல் கார் வந்தது. அதன் பிறகு யார் யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்று உலகத்துக்குத் தெரியும்.

பழைய இரும்பு | ஞாயிறு காலை 9:14

மாதெர்ன் கதை சரி. ஆனால் திரி அதைப் பற்றியது அல்ல. புரொப்பெல்லருக்கு ஆதாரம் எங்கே?

மேசைவிளக்கு | ஞாயிறு காலை 10:30

ஒரு சின்ன ஐயம். சின்னத்தின் பொருள் என்று எதைச் சொல்கிறோம்? வரைந்தவர் மனதில் இருந்ததையா, நிறுவனம் பின்னால் சொல்லிப் பரப்பியதையா, மக்கள் நம்புவதையா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றுகிறது.

நீலவானம் | ஞாயிறு காலை 10:34

1942இல் நிறுவனத்தின் சொந்த இதழிலேயே கட்டுரை வந்தது. சுழலும் புரொப்பெல்லரில் சின்னம் தெரிவதாகப் படத்தோடு எழுதியிருந்தார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள் பெரியவரே?

பழைய இரும்பு | ஞாயிறு காலை 10:41

1929 போதாது என்று இப்போது 1942. அடுத்து 1960ஐக் கொண்டுவருவீர்கள். ஆண்டு ஏற ஏற ஆதாரம் வலுக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தது? அந்த நிறுவனமே இப்போது, அது புரொப்பெல்லர் அல்ல, பவேரிய நிறம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டது.

நீலவானம் | ஞாயிறு காலை 10:44

அப்படியானால் 1942இல் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? ஒரே வாய்தானே?

பழைய இரும்பு | ஞாயிறு காலை 10:58

வாதம் செய்து பயனில்லை என்று பரிசோதனையே செய்துவிட்டேன். மேசை விசிறியை ஓடவிட்டு, பின்னால் என் பேத்தியின் நீலப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றில் வைத்தேன், இரண்டில் வைத்தேன், மூன்றில் வைத்தேன். தெரிந்தது ஒரே ஒரு மங்கிய சாம்பல் வட்டம். நான்கு கால்வட்டம் தெரியவில்லை. வெள்ளைக் கட்டமும் தெரியவில்லை.

நீலவானம் | ஞாயிறு காலை 11:03

உங்கள் விசிறிக்கு எத்தனை இறக்கை?

பழைய இரும்பு | ஞாயிறு காலை 11:04

மூன்று.

நீலவானம் | ஞாயிறு காலை 11:06

அந்தக் கால விமானங்களில் பெரும்பாலும் இரண்டு இறக்கை, மரத்தில் செதுக்கியது. இரண்டு இறக்கை, இரண்டு இடைவெளி, கூட்டினால் நான்கு. சின்னத்தில் எத்தனை? நான்கு. வேறு என்ன வேண்டும்?

பழைய இரும்பு | ஞாயிறு காலை 11:09

கால்வட்ட அகலத்துக்கு ஓர் இறக்கை! அது விமானமா, தோசைத் திருப்பியா?

மூன்றுமுனை | ஞாயிறு காலை 11:15

சிரித்துச் சிரித்துத் தேநீர் சிந்திவிட்டது. தோசைத் திருப்பி என்றே வைத்துக்கொள்ளலாம், பொருத்தமாக இருக்கிறது.

கார்புரேட்டர் | ஞாயிறு பகல் 12:20

முப்பது வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். பானட்டில் இருக்கும் அந்தச் சின்னம் 82 மில்லிமீட்டர். பின்பக்கம் இரண்டு ஊசிக்கால்கள், இரண்டு ரப்பர் குமிழ்களுக்குள் அழுந்தி நிற்கும். கழற்றும்போது திருப்புளியில் துணி சுற்றி நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் போகும். போன மாதம் ஒன்றைக் கழற்றினேன். வெயிலில் நீலம் வெளுத்து, உரிந்து, கீழே வெறும் அலுமினியம் தெரிந்தது. வெள்ளையும் நீலமும் ஒன்றாகிவிட்டன. அதைப் பார்த்தால் இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிடுவீர்கள்.

பழைய இரும்பு | ஞாயிறு பகல் 12:26

நிறம் வெளுத்தாலும் வரலாறு வெளுக்காது. இன்னொரு கேள்வி, நீலவானம் பதில் சொல்லட்டும். போருக்குப் பிறகு ஐசெனாக் ஆலை சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டது. அங்கே கார் செய்தவர்கள் பி.எம்.டபிள்யூ பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றானது. 1950களின் தொடக்கத்தில் இ.எம்.டபிள்யூ என்று பெயரை மாற்றி, அதே வட்டத்தில் நீலம் இருந்த இடத்தில் சிவப்பை வைத்தார்கள். நீலம் வானம் என்றால், கிழக்கு ஜெர்மனியில் வானம் சிவப்பா?

நீலவானம் | ஞாயிறு பகல் 12:31

மாலை நேரமாக இருந்திருக்கும்.

செங்கல்பட்டான் | ஞாயிறு பிற்பகல் 2:10

பரனூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007இலிருந்து அங்கே பி.எம்.டபிள்யூ ஆலை நடக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பூட்டி அனுப்பும் கார் இது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எல்லாரும் பவேரியாவையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

மூன்றுமுனை | ஞாயிறு பிற்பகல் 2:14

பெட்டியில் பிரித்து வருவதைத் திரும்பப் பூட்டுவதுதானே?

செங்கல்பட்டான் | ஞாயிறு பிற்பகல் 2:19

2015இலிருந்து எஞ்சின்களையே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னைப் பக்கத்தில் பூட்டித் தருகிறது. இருக்கை, கதவுப் பலகை எல்லாம் இங்கேயே வாங்குகிறார்கள். பூட்டுவதுதானே என்கிறீர்களே, உங்கள் வீட்டு மிதிவண்டிச் சங்கிலியைப் பூட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

மூன்றுமுனை | ஞாயிறு பிற்பகல் 2:40

சரி, பெருமை பேசுகிறீர்கள், பெருமையையே பேசுவோம். போர்க்காலத்தில் ஃபோக்க வுல்ஃப் 190 விமானத்துக்கு 801 எஞ்சின் கட்டியது யார்? ம்யூனிக்கை ஒட்டிய ஆலாக்கில் டாகாவ் வதைமுகாமின் கிளை முகாமிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கியது யார்? நூற்றாண்டு விழா கொண்டாடிய 2016இல்தான் ஆழ்ந்த வருத்தம் என்று அறிக்கை விட்டார்கள். வெள்ளை நீலமாம்.

பழைய இரும்பு | ஞாயிறு பிற்பகல் 2:52

மறைக்க வேண்டியதில்லை, நடந்தது நடந்ததுதான். கட்டாயத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1983இலேயே அந்நிறுவனம் அதைப் பேசத் தொடங்கிவிட்டது, 2016 முதல் தடவை அல்ல. டைம்லர் பென்ஸும் அதே காலத்தில் அதே வேலையைச் செய்தது. உங்கள் நட்சத்திரமும் அந்த இருட்டில்தான் மின்னியது. மற்றவன் வீட்டுத் திண்ணையை எட்டிப் பார்க்கும் முன் சொந்தத் திண்ணையைக் கூட்டுங்கள்.

நூற்றாண்டு என்றதும் நினைவு வருகிறது. சின்னமும் பெயரும் 1917, கொண்டாட்டம் ஏன் 2016இல்? 1922இல் கமிலோ காஸ்டிக்லியோனி என்ற முதலீட்டாளர் எஞ்சின் தொழிலையும் பெயரையும் சின்னத்தையும் பழைய நிறுவனத்திடமிருந்து வாங்கி, 1916 மார்ச்சில் பிறந்த பவேரிய விமான ஆலை என்ற இன்னொரு நிறுவனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதனால் பிறந்தநாள் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது.

நீலவானம் | ஞாயிறு பிற்பகல் 2:55

ஆகா! விமான ஆலை! நீங்களே சொல்லிவிட்டீர்கள். விமானம் இருந்தால் புரொப்பெல்லர் இருக்கும்.

பழைய இரும்பு | ஞாயிறு பிற்பகல் 2:57

சின்னம் பதிவானது 1917இல், ரப் ஆலையின் வாரிசிடம். விமான ஆலை உள்ளே வந்தது 1922இல். அது வருவதற்கு ஐந்து வருடம் முன்பே சின்னம் இருந்தது. 1917 அக்டோபர் 5. 1917 அக்டோபர் 5. கல்வெட்டில் வெட்டித் தரவா?

நீலவானம் | ஞாயிறு பிற்பகல் 3:08

கல்வெட்டு வேண்டாம். போன தீபாவளிக்கு நீங்கள் எழுதிய அல்வார் மகாராஜா கதைக்கு ஆதாரம் தாருங்கள். ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் துடைப்பம் கட்டிக் குப்பை அள்ளினார் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுதினீர்கள். கேட்டேன். நினைவிருக்கிறதா? இன்றுவரை பதில் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பழைய இரும்பு | ஞாயிறு பிற்பகல் 3:20

அந்தத் திரி வேறு, இந்தத் திரி வேறு. அதிலும் "சொல்லப்படுகிறது" என்றுதான் எழுதினேன்.

நீலவானம் | ஞாயிறு பிற்பகல் 3:21

எழுதவில்லை.

பழைய இரும்பு | ஞாயிறு பிற்பகல் 3:22

எழுதினேன்.

செங்கல்பட்டான் | ஞாயிறு பிற்பகல் 3:40

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். "சொல்லப்படுகிறது" இருக்கிறது. ஆனால் பதிவு "திருத்தப்பட்டது, இன்று" என்று காட்டுகிறது.

மூன்றுமுனை | ஞாயிறு பிற்பகல் 3:41

ஐயோ.

பழைய இரும்பு | ஞாயிறு மாலை 4:30

எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, திருத்தினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் ஜெர்மானியர்களைப் போல "பே எம் வே" என்று உச்சரிக்கப் பழகுங்கள், பிறகு அதன் சின்னத்தைப் பற்றிப் பேசலாம்.

கார்புரேட்டர் | ஞாயிறு மாலை 4:44

என் பட்டறையில் எல்லாரும் "பீம்பிள்யூ" என்கிறார்கள். வண்டி ஓடத்தான் செய்கிறது.

நீலவானம் | ஞாயிறு இரவு 8:50

நானும் பரிசோதித்துவிட்டேன். அட்டையில் இரண்டு இறக்கை வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, விசிறியின் மூன்று இறக்கையையும் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். பின்னால் நீலச் சுவர். மின்சாரம் போகும் நேரத்தில் விசிறி மெல்ல மெல்ல நிற்குமே, அந்தக் கடைசி இரண்டு சுற்றில் பாருங்கள்: வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம். கண்ணால் கண்டேன். அட்டை பிறகு பிய்த்துக்கொண்டு போய்ச் சாம்பாரில் விழுந்தது, அது வேறு விஷயம்.

பழைய இரும்பு | ஞாயிறு இரவு 8:56

நின்றுகொண்டிருக்கும் விசிறியில் இறக்கை தெரியும், அதற்கு ம்யூனிக் வரை போக வேண்டியதில்லை. உங்கள் பதிவில் எழுதியது "சுழலும்" புரொப்பெல்லர். சுழலும்.

நீலவானம் | ஞாயிறு இரவு 8:58

மெல்லச் சுழன்றது.

மேசைவிளக்கு | ஞாயிறு இரவு 9:15

காலையில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

புதியவன்3 | ஞாயிறு இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம், இது என் முதல் பதிவு. 82 மில்லிமீட்டர் பானட் சின்னம் கோயம்புத்தூரில் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பழைய இரும்பு | ஞாயிறு இரவு 9:42

எது வேண்டும் தம்பி? பவேரியக் கொடி போட்டதா, புரொப்பெல்லர் போட்டதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.