‘பாட் ஆட்ஸ்’ என்பதற்குக் ‘குவைவிலை’: ஒரு பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போக்கர் சீட்டாட்டத்தைப் புதியவர்களுக்குத் தமிழில் விளக்கும் கையேட்டில் ‘பாட் ஆட்ஸ்’ (தொடர நாம் வைக்க வேண்டியதற்கும் நடுவில் குவிந்துள்ள பந்தயத்துக்கும் உள்ள விகிதம்) என்பதற்கு எந்தச் சொல்லை இடுவது என்ற கேள்விக்குப் ‘பானை வாய்ப்பு’, ‘ஆய வாய்ப்பு’, ‘கூட்டு வாய்ப்பு’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. இம்மூன்றும் முன்பாதியில் வேறுபட்டாலும் பின்பாதியில் ஒரே பிழையைச் செய்கின்றன என்று கருதுகிறேன். அந்தப் பிழை சொல்லோடு நிற்காமல் ஆட்டக்காரரின் கணக்கையும் கெடுக்கும் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்) சீட்டுகள் இருக்கின்றன. மேசையில் விரித்த நான்கு பொதுச்சீட்டுகளில் மேலும் இரண்டு ஆட்டின்கள் கிடக்கின்றன. கடைசிப் பொதுச்சீட்டும் ஆட்டினாக வந்தால் ஐந்தும் ஓரினமாகி நீங்கள் வெல்வீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 52 சீட்டுகளில் ஆறு உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, 46 தெரியவில்லை. அந்த 46-இல் ஒன்பது ஆட்டின்கள். ஆகவே ஆட்டின் வரும் நிகழ்தகவு 46-க்கு 9, அதாவது ஏறக்குறைய 19.6 விழுக்காடு. நடுவில் பந்தயமாக வைத்த 80 காய்கள் குவிந்திருக்க, எதிராளி 20 வைக்கிறார். இப்போது நீங்கள் 20 கொடுத்தால் 100-ஐப் பெற முடியும். தெரியாத 46 சீட்டுகளும் முறைக்கு ஒன்றாக வந்தால் ஒன்பது முறை நூறு நூறாக 900 பெறுவீர்கள், 37 முறை இருபது இருபதாக 740 இழப்பீர்கள். 160 மிஞ்சுகிறது. எனவே தொடரலாம். அதே எதிராளி 20-க்கு மாறாக 80 வைத்திருந்தால் 160-ஐப் பெற 80 கொடுக்க வேண்டும். அப்போது வரவு 1,440, இழப்பு 2,960. சீட்டைக் கவிழ்த்துவிடுவதே முறை.

இரண்டு நிலையிலும் ஆட்டின் வரும் வாய்ப்பு இம்மியும் மாறவில்லை. மாறியது, அந்த வாய்ப்புக்காக நம்மிடம் கேட்கப்படும் விலை. ‘ஆட்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிறது, ஆங்கிலத்தில் கற்பவர்களே அங்குத் தடுமாறுவதுண்டு. தமிழில் புதிதாகச் சொல் ஆக்கும் நாம் அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

‘விலை’ என்ற சொல் எனக்கு அகராதியிலிருந்து கிடைத்ததன்று. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன் தாழ்வாரத்தில்) ஞாயிறு மாலைகளில் ஐந்தாறு பேர் கூடி ஆடுகிறோம். பொதுச் சூதாட்ட இல்லங்களைத் தடைசெய்யும் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் உள்ள நாடு இது. அச்சட்டம் இல்லாவிட்டாலும் நான் காசு வைத்து ஆட இசையமாட்டேன். மைலோ டின் நிறைய ரப்பர் கொட்டைகள் இருக்கின்றன, அவையே எங்கள் காய்கள். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்த பக்கத்து வீட்டு அக்காள் ஒருவர் ஆட்டத்துக்குப் புதியவர். நான் விகிதம், விழுக்காடு என்று இரண்டு வாரம் விளக்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் வாரம், பந்தயம் தம்மிடம் வந்தபோது, இருபது கொட்டைகளை எண்ணி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நடுக்குவியலை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஏன் வாத்தியாரே, இருபது கொட்டைக்கு நூறு கொட்டை, இந்த விலைக்கு வாங்கலாமா?” என்று கேட்டார். கணக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

விலை என்பது ஒரு தொகைதானே, விகிதம் ஆகுமா என்று நம் குழுவின் ஈப்போ நண்பர் ஐயம் எழுப்பக்கூடும். ரப்பர் என்ன விலை என்று கேட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் விடை வருகிறது. இன்னதற்கு இவ்வளவு என்ற உறவு விலைக்குள் எப்போதும் இருக்கிறது.

இனி முன்பாதி. ‘பானை’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, தமிழ்ச் சீட்டாட்டத்தில் பானைக்கு வேலை இல்லை. ‘ஆயம்’ பழந்தமிழில் சூதில் வரும் பொருளையும் குறித்த நல்ல சொல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மலாயில் ‘ஆயாம்’ என்றால் கோழி. நாள்தோறும் இரு மொழியும் புழங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் காதில் முதலில் விழுவது அதுதான். ‘கூட்டு’ என்பதும் இங்கு ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. மாதந்தோறும் கட்டி முறைவைத்து எடுக்கும் கூட்டுப் பணத்தைத் தடைசெய்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் ஏறியிருக்கிறது. ஆகவே ‘குவை’ என்கிறேன். பொற்குவை, நிதிக்குவை என்று பழகிய சொல், குவியலோடு உறவுள்ளதால் பொருளும் தானே விளங்கும்.

இச்சொல் கிளைக்கவும் செய்கிறது. நடுவில் இப்போதுள்ளதோடு, நமக்குச் சீட்டு அமைந்தால் பின்னர் எதிராளி வைக்கக்கூடியதையும் கூட்டிக் கணிப்பதை ‘எதிர்நோக்கு விலை’ எனலாம். ‘வாய்ப்பு’ என்று தொடங்கியிருந்தால் இந்த இடத்தில் முட்டி நின்றிருப்போம்.

‘அவுட்ஸ்’ என்பதற்கு, அதாவது வந்தால் நம் கையை வெல்லும் கையாக்கும் சீட்டுகளுக்கு, ‘கைகொடுக்கும் சீட்டு’ என்று எழுத விரும்புகிறேன். இரண்டு சொல்லாக இருப்பதில் குறையில்லை, இறுக்கிக் கட்டினால் உயிர் போய்விடும். அவற்றை எண்ணி இரண்டால் பெருக்கினால் அடுத்த ஒரு சீட்டில் வரும் விழுக்காடு தோராயமாகக் கிடைக்கும், இன்னும் இரண்டு சீட்டுகள் வரவேண்டியிருந்தால் நான்கால் பெருக்க வேண்டும். நமக்குக் கைகொடுக்கும் சீட்டே எதிராளியின் கையை அதைவிட உயர்த்திவிடுவதும் உண்டு என்பதால், அத்தகையவற்றை எண்ணிக்கையிலிருந்து கழிக்கவும் கையேடு சொல்ல வேண்டும்.

கையேட்டுப் பதிவு இவ்வாறு அமையலாம்:

குவைவிலை: ஆட்டத்தில் தொடர்வதற்கு நாம் வைக்க வேண்டிய காய்களுக்கும், எதிராளி வைத்ததையும் சேர்த்துக் குவையில் உள்ள காய்களுக்கும் இடையிலான விகிதம். 20 வைத்து 100 பெறக்கூடுமெனில் குவைவிலை 100-க்கு 20. இதற்கு ஈடுகட்ட, வெல்லும் நிகழ்தகவு குறைந்தது 120-இல் 20, அதாவது 16.7 விழுக்காடு, இருக்க வேண்டும்.

கடைசி வரியில் 100 திடீரென 120 ஆவது புதியவரைக் குழப்பும் என்று அஞ்சுகிறேன். நாம் வைக்கும் 20-உம் குவையில் சேர்வதை ஒரே தொடரில் தெளிவுபடுத்த யாரேனும் வழி சொன்னால் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து