தூக்கத்துக்குத் தமிழ்ல நல்ல ஹிப்னாசிஸ் ஆடியோ இருந்தா சொல்லுங்க

வணக்கம். பெரம்பூர்ல தண்டவாளத்தை ஒட்டின வீடு எங்களுது. நடுராத்திரி சரக்கு ரயில் போனா ஜன்னல் கம்பி அதிரும், அதோட தூக்கம் கலைஞ்சிடும். மறுபடி கண்ணை மூட வழி தேடித்தான் மூணு மாசமா ஹிப்னாசிஸ் ஆடியோ கேட்கிறேன்.

கிடைச்ச தமிழ்ப் பதிவுகள் பெரும்பாலும் மேடைப் பேச்சு மாதிரி இருக்கு. "உங்கள் இமைகள் கனக்கின்றன"ன்னு செய்தி வாசிக்கிற குரல்ல சொன்னா எனக்குத் தூக்கம் வரல. நடுவுல விளம்பரம் வேற அலறுது. ஒண்ணு மட்டும் ரொம்பப் பிடிச்சது. ஒரு அம்மா, பத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா குளத்துக்குள்ள இறங்கச் சொல்வாங்க. ஆறாவது படி வரும்போதே தாடை தளர்ந்துடும், கை கனக்கும். ஆனா பன்னிரண்டே நிமிஷம், இப்ப மனப்பாடமே ஆயிடுச்சு.

1840-கள்ல ஹிப்னாசிஸை ஆராய்ஞ்ச ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், பார்வையையும் கவனத்தையும் ஒரே இடத்துல நிறுத்தறதுதான் இதுக்கு அடிப்படைன்னு சொன்னார். எனக்கும் அப்படித்தான், குரல்ல மனசு நின்னாதான் வேலை செய்யுது.

அரை மணி நேரம், பேச்சுத் தமிழ், நிறுத்தி நிதானமா பேசற குரல், பின்னணியில மழைச் சத்தம் மட்டும். முக்கியமா, கடைசியில "விழித்துக்கொள்ளுங்கள்"னு எழுப்பக் கூடாது. காசு கொடுத்து வாங்கவும் தயார். நீங்களே கேட்டுத் தூங்கினது எதுன்னு சொல்லுங்க, ப்ளீஸ்.