புதுப்பிப்பு: கீழக்கரை உவர்நீரில் சலவை இயந்திரமும் உலர்த்தியும்

ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்க்கும் கீழக்கரை வீட்டுக்கு எந்தச் சலவை இயந்திரம் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, நீர் குறைவாகச் செலவாகும் முன்கதவு இயந்திரத்தையே வாங்கினோம். நீர் மென்மையாக்கி (கடின நீரைப் பதப்படுத்தும் கருவி) கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதால், வெப்பக்கம்பியில் படிவு குறைகிறதே தவிர நீரின் உப்பு குறைவதில்லை. அவ்வுப்பு துணியில் தங்கினால் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, காய்ந்த துண்டையும் பிசுபிசுக்கச் செய்கிறது. ஆகவே கடைசி அலசலுக்கு மட்டும், வால்வைத் திருப்பி, மாடியிலுள்ள மழைநீர்த் தொட்டியிலிருந்து நீர் விடுகிறோம் (இது அம்மாவின் யோசனை, கடைக்காரர் சொல்லவில்லை).

ஈரக்காற்றை வெளியேற்றக் குழாய் தேவைப்படாத ஹீட் பம்ப் உலர்த்தி (உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் சூடாக்கிச் சுழற்றும் வகை) ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டுமே ஓடுகிறது. பங்குனி வெயிலுக்குக் கொடியே போதும். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்காவிட்டால் உலரும் நேரம் நீண்டுவிடுகிறது.